உடலை வாங்க மறுப்பது ஒரு மேல்முறையீடு

"உடலை வாங்க மறுத்து உறவினர்கள் போராட்டம்." தினசரிகளில் அடிக்கடி கண்ணில் படுகிற தலைப்பு. தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த இடங்களும் பழக்கமானவை. குரோம்பேட்டை ஜி.எச். வாசல், இல்லாவிட்டால் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிணவறை. செய்தி எப்படிப் போகும் என்பதும் நமக்கு மனப்பாடம். சாவில் மர்மம் இருப்பதாகப் புகார், சாலை மறியல், போலீஸ் அதிகாரி பேச்சுவார்த்தை, "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற உறுதி, பிறகு "சமாதானம் அடைந்த உறவினர்கள் உடலைப் பெற்றுச் சென்றனர்."

ரொம்ப நாள் இதைத் துக்கமும் கோபமும் சேர்ந்த ஒரு வெளிப்பாடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிரேத விசாரணை பற்றிய தீர்ப்புகளைக் கொஞ்சம் தொடர்ந்து படித்த பிறகு எண்ணம் மாறியது. இது சட்ட நடவடிக்கைதான். சட்டம் ஒரு மேல்முறையீட்டை எழுதி வைக்காத இடத்தில், ஜனங்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட மேல்முறையீடு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இந்தக் குறிப்பு.

தீர்ப்பு உள்ள ஊர்

இங்கிலாந்தில் சந்தேகமான சாவை விசாரிப்பவர் கரோனர். அது ஒரு நீதிமன்றம் மாதிரியே நடக்கும். சாட்சிகள் வருவார்கள், குடும்பத்தின் வக்கீல் குறுக்கு விசாரணை செய்யலாம், சில வழக்குகளில் ஜூரியும் உட்காரும். முடிவில் ஒரு தீர்ப்பு வரும். விபத்து, தற்கொலை, சட்டவிரோதக் கொலை, அல்லது "முடிவுக்கு வர முடியவில்லை" என்கிற திறந்த தீர்ப்பு. தீர்ப்பு என்று ஒன்று இருப்பதால் அதை எதிர்த்து வழக்குப் போடவும் முடிகிறது.

உலகத்துக்கே தெரிந்த உதாரணம் ஹில்ஸ்பரோ. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டு நகரக் கால்பந்து மைதானத்தில் கூட்டத்தில் நசுங்கிப் பலர் இறந்தார்கள். 95 பேரின் சாவைப் பற்றிய விசாரணை 1991-ல் "விபத்து மரணம்" என்று முடிந்தது. அன்று மதியம் 3.15-க்குப் பிறகு நடந்தது எதையும் பார்க்கத் தேவையில்லை என்று கரோனர் கோடு போட்டுவிட்டார். அதாவது, ஆம்புலன்ஸ் சரியாக வந்திருந்தால் சிலர் பிழைத்திருப்பார்களா என்ற கேள்வியே விசாரணைக்குள் வரவில்லை. குடும்பங்கள் 1993-ல் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். விடவில்லை. 2012 டிசம்பரில் உயர் நீதிமன்றம் பழைய தீர்ப்புகளை ரத்து செய்தது. புது விசாரணை 2014-ல் தொடங்கி, 2016 ஏப்ரல் 26 அன்று ஜூரி "சட்டவிரோதக் கொலை" என்றது. ரசிகர்களின் நடத்தை காரணமில்லை என்றும் சொன்னது.

இதை ரொம்பப் புகழ்ந்துவிடவும் கூடாது. 27 வருடம் ஆனது. அதன் பிறகு நடந்த கிரிமினல் வழக்கில், அன்றைக்குப் பொறுப்பில் இருந்த போலீஸ் அதிகாரி 2019-ல் விடுதலையும் ஆனார். ஆனாலும் ஒன்று நடந்தது. "உங்கள் பிள்ளை எப்படிச் செத்தான்" என்ற கேள்விக்கு அரசு எழுதி வைத்த தவறான பதில், அரசின் பதிவேட்டிலிருந்தே அடித்துத் திருத்தப்பட்டது.

தீர்ப்பு இல்லாத ஊர்

நமக்கும் கரோனர் இருந்தார். 1871-ம் ஆண்டுச் சட்டம் கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்று மாநகரங்களுக்கும் கரோனர் வைத்திருந்தது. மதராசில் 1889-லேயே அந்தப் பதவியை ஒழித்துவிட்டார்கள். பம்பாயில் 1999 வரை இருந்தது. ஆனால் மதராஸ் கரோனரின் அதிகாரம் நகர எல்லையோடு முடிந்தது. செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த தாம்பரம், பல்லாவரம் பக்கத்துக் கிராமங்களுக்கு அவர் வந்ததே கிடையாது. இங்கே அன்றும் இன்றும் போலீஸ் நடத்தும் பிரேத விசாரணைதான்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174-வது பிரிவு. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் 194. எண் மாறியிருக்கிறது, உள்ளடக்கம் பெரும்பாலும் அதேதான். ஒருவர் தற்கொலை செய்துகொண்டாலோ, விபத்தில் இறந்தாலோ, சந்தேகமான முறையில் இறந்தாலோ, ஸ்டேஷன் அதிகாரி அந்த இடத்துக்குப் போக வேண்டும். அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள இரண்டு பேராவது இருக்க வேண்டும். நம்ம ஊர் போலீஸ் பாஷையில் இவர்கள்தான் "பஞ்சாயத்தார்." காயங்களைப் பார்த்து, "வெளிப்படையாகத் தெரியும்" சாவுக் காரணத்தை எழுதி, அறிக்கையைக் கலெக்டருக்கோ ஆர்.டி.ஓ.வுக்கோ அனுப்ப வேண்டும். சந்தேகம் இருந்தால் போஸ்ட்மார்ட்டம்.

கல்யாணமாகி 7 வருடத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ சந்தேகமான முறையில் இறந்தாலோ, தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. விசாரிப்பார். போலீஸ் காவலில் இறந்தால் 2006 முதல் நீதித்துறை நடுவர், அதாவது மாஜிஸ்திரேட், விசாரிக்க வேண்டும். மற்ற எல்லாச் சாவுக்கும் போலீஸ் அறிக்கையோடு சரி.

இதில் "தீர்ப்பு" எங்கே வருகிறது? வருவதே இல்லை. உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொல்கிறது. 1975-ல் பொத்த நாராயணா வழக்கில், பிரேத விசாரணையின் நோக்கம் சாவு சந்தேகத்துக்குரியதா, வெளிப்படையான காரணம் என்ன என்று பார்ப்பது மட்டுமே. யார் அடித்தார், எப்படி அடித்தார் என்பதெல்லாம் அதன் எல்லைக்கு வெளியே என்றது. 2006-ல் ராதா மோகன் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதையே உறுதி செய்தது.

என் முதல் விமர்சனம் இங்கேதான். இந்த இரண்டுமே கொலை வழக்கு அப்பீல்கள். எதிரித் தரப்பு என்ன வாதாடியது? "பிரேத விசாரணை அறிக்கையில் எங்கள் பெயர் இல்லை, ஆயுதம் பற்றிய விவரம் இல்லை, அதனால் வழக்கே பொய்." இப்படிக் கேட்டால் கோர்ட் சொன்ன பதில் சரியான பதில்தான். கொலை வழக்கு நடக்கும்போது பிரேத விசாரணை ஒரு சின்னக் காகிதம். சாட்சிகள் இருக்கிறார்கள், டாக்டர் கூண்டில் ஏறுகிறார், நீதிபதி எல்லாவற்றையும் எடை போடுகிறார்.

ஆனா வழக்கே இல்லாத சாவுக்கு? அங்கே எடை போட வேறு எதுவும் கிடையாது. அந்தச் சின்னக் காகிதம்தான் எல்லாமே. வழக்கு நடக்கும் சாவுக்காகச் சொல்லப்பட்ட ஒரு விதியை, வழக்கே பதிவாகாத சாவுக்கும் அப்படியே தூக்கி வைத்துவிட்டோம். "இது வெறும் ஆரம்பக் கட்ட விசாரணை" என்கிறார்கள். ஆரம்பம் என்றால் அதற்குப் பிறகு ஏதாவது ஒன்று வர வேண்டும் இல்லையா?

இல்லாத தீர்ப்பு எங்கெல்லாம் செல்லுபடி ஆகிறது

"அது தீர்ப்பே இல்லை, யாரையும் கட்டுப்படுத்தாது" என்பது சட்டப் புத்தகத்தில் சரி. நடைமுறையில் அந்தக் காகிதம் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிந்துகொள்ள, தாம்பரம் ரயில் பாதை ஒன்று போதும்.

பீச்–தாம்பரம்–செங்கல்பட்டு பாதையில் தண்டவாளம் அருகே ஒருவர் இறந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே போலீஸ் 174-ல் எஃப்.ஐ.ஆர். போடுகிறது. (174-ல் எஃப்.ஐ.ஆர். போடுவதே நம் மாநிலத்தில் ஊறிப்போன வழக்கம். அந்தப் பிரிவு ஒரு குற்றமே கிடையாது, விசாரணை முறை மட்டும்தான்.) அறிக்கையில் இரண்டில் ஒரு வாக்கியம் வரும். "ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து" அல்லது "தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் மோதி."

முதல் வாக்கியம் வந்தால், இறந்தவர் பயணி என்று காட்ட முடிந்தால், ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவில் குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டு. யார் மேல் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 2017 ஜனவரி முதல் அந்தத் தொகை 8 லட்சம். இரண்டாவது வாக்கியம் வந்தால் ஒன்றும் கிடையாது, அவர் அத்துமீறி நுழைந்தவர். தற்கொலை என்று எழுதினாலும் கிடையாது. யாருமே நேரில் பார்க்காத ஒரு சாவில், ஒரு ஏட்டையா எழுதும் அரை வரி 8 லட்சம் ரூபாயை முடிவு செய்கிறது. சம்பாதிக்கும் ஆளை இழந்த வீட்டுக்கு 8 லட்சம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் பிரேத விசாரணையின் முடிவை எதிர்த்து உண்மையிலேயே வாதாடும் இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், நான் ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயத்தைத்தான் காட்டுவேன். சென்னையில் அதன் கிளை இருக்கிறது. அங்கே தோற்றால் உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல். அங்கே நடக்கும் சண்டையைப் பாருங்கள். குடும்பம் ஒரு ஆவணத்தைக் காட்டும், ரயில்வே இன்னொன்றைக் காட்டும். பிரேத விசாரணை அறிக்கை தனக்குச் சாதகமாக இருந்தால் ஒவ்வொரு தரப்பும் அதைக் கிட்டத்தட்ட தீர்ப்பு மாதிரி வாசிக்கும். பாதகமாக இருந்தால், "அது வெறும் ஆரம்பக் கட்ட அறிக்கை."

2018-ல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியது. ரயில்வே இடத்தில் உடல் கிடந்தது என்பதாலேயே அவர் பயணி ஆகிவிட மாட்டார். டிக்கெட் கிடைக்கவில்லை என்பதாலேயே பயணி இல்லை என்றும் ஆகிவிடாது. குடும்பம் பிரமாணப் பத்திரம் மூலம் அடிப்படை விவரங்களைச் சொன்னால், அதன் பிறகு மறுத்துக் காட்டும் பொறுப்பு ரயில்வேயுடையது. நல்ல தீர்ப்பு. ஆனால் கவனியுங்கள், இங்கே கோர்ட் சாவின் காரணத்தைத் திருத்தி எழுதினாலும் அது பணத்துக்கு மட்டும்தான். ரயில்வே போலீசின் ஃபைலில் அந்தப் பழைய வாக்கியம் அப்படியேதான் இருக்கும்.

இன்ஷூரன்ஸிலும் இதே கதை. விபத்துக் காப்பீட்டில் "தற்கொலை" என்ற ஒரு சொல் போதும், கம்பெனி கையை விரித்துவிடும்.

எந்தக் கதவைத் தட்டுவது?

சரி, அறிக்கை தப்பு என்று குடும்பம் நினைக்கிறது. என்ன செய்யலாம்?

சாதாரணக் குற்ற வழக்கில் போலீஸ் "குற்றம் நிரூபணமாகவில்லை" என்று வழக்கை முடித்தால், அந்த அறிக்கை நீதித்துறை மாஜிஸ்திரேட்டிடம் போகும். அதை அவர் ஏற்பதற்கு முன் புகார்தாரருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று 1985-லேயே பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெல்லியில் தீக்காயத்தில் இறந்த ஒரு பெண்ணின் அப்பா கொண்டுவந்த வழக்கு அது. அவர் வாங்கிக் கொடுத்த உரிமையைத்தான் இன்றைக்கு "ஆட்சேபனை மனு" என்கிறோம்.

174 அறிக்கை போகும் இடம் வேறு. அது வருவாய்த் துறை அதிகாரியிடம் போகிறது. தாம்பரம் என்றால் தாம்பரம் ஆர்.டி.ஓ. அங்கே "மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது" என்று ஃபைலை மூடும்போது குடும்பத்தைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது. பட்டா, வாரிசுச் சான்று, வெள்ள நிவாரணம், தேர்தல் என்று ஆயிரம் வேலைக்கு நடுவே இருக்கும் அலுவலகத்தில், ஒரு சாவு சத்தமில்லாமல் முடிந்துபோகிறது. இந்த அமைப்பின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து. கிரிமினல் வழக்கில் ஒரு சைக்கிள் திருட்டுக்குக் கிடைக்கும் நோட்டீஸ், சந்தேகமான சாவுக்குக் கிடைக்காது.

மிச்சம் இருக்கும் வழிகள் எல்லாமே சுற்றுவழி. கொலை என்று எஃப்.ஐ.ஆர். போட உத்தரவிடச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் மனு, தனிப்புகார், அல்லது சி.பி.சி.ஐ.டி., சி.பி.ஐ. கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனு. இதற்கெல்லாம் வக்கீலும் மாதங்களும் வேண்டும். உடலோ மாதக்கணக்கில் காத்திருக்காது. எரித்துவிட்டால் முக்கியமான சாட்சியமே போய்விடும். புதைத்திருந்தால் தோண்டி எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. எரித்ததை என்ன செய்ய?

அதனால்தான் பிணவறை வாசல். கைவசம் இருக்கும் ஒரே ஆதாரத்தை விட்டுக் கொடுக்காமல் வைத்திருப்பதுதான் அங்கே நடப்பது. கோர்ட்டுக்குப் போகும் வழக்குகளும் "இந்த முடிவு தப்பு" என்று போவதில்லை. "இன்னொரு போஸ்ட்மார்ட்டம் வேண்டும்", "எங்கள் டாக்டர் உடன் இருக்க வேண்டும்" என்றுதான் போகின்றன.

இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். 2016 செப்டம்பர் 18, நுங்கம்பாக்கம் ரயில் நிலையக் கொலை வழக்கில் கைதான இளைஞர் புழல் சிறையில் இறந்தார். மின்கம்பியைக் கடித்துத் தற்கொலை என்றது சிறைத்துறை. அவருடைய அப்பா, தங்கள் தரப்பு டாக்டர் ஒருவர் போஸ்ட்மார்ட்டத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டு வந்தார். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்டார்கள். மூன்றாவது நீதிபதி, தனியார் டாக்டருக்குப் பதில் டெல்லி எய்ம்ஸ் டாக்டர் என்று ஒரு நடுவழி சொன்னார். உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. அக்டோபர் 1 அன்றுதான் போஸ்ட்மார்ட்டம் நடந்தது. 13 நாள் சண்டையும் "யார் பார்ப்பது" என்பதைப் பற்றி மட்டுமே. எப்படி இறந்தார் என்ற கேள்வி அப்படியே நின்றது. 2022-ல் மாநில மனித உரிமை ஆணையம் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கவும், சுதந்திரமான விசாரணை நடத்தவும் பரிந்துரைத்தது. ஆறு வருடம் கழித்து, "இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்."

2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில் ஒரு பள்ளி மாணவி இறந்தார். அங்கும் மறு போஸ்ட்மார்ட்டம், எங்கள் டாக்டர், உச்ச நீதிமன்றம் என்று அதே பாதை. இறந்து 10 நாள் கழித்துத்தான் உடலைப் பெற்றுக்கொண்டார்கள். நடுவில் பள்ளி எரிந்தது. இரண்டு போஸ்ட்மார்ட்டம் அறிக்கைகளையும் பார்த்த ஜிப்மர் குழு, கொலைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆதாரம் இல்லை என்றது. குடும்பம் ஏற்கவில்லை.

இந்த இரண்டாவது வழக்கை வைத்து, "பார்த்தீர்களா, உறவினர் சந்தேகம் எல்லாம் வதந்தி" என்பவர்கள் உண்டு. எனக்குத் தெரியும் பாடம் வேறு. கேள்வி கேட்க முறையான இடம் இல்லாதபோது, வாட்ஸ்அப் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வெளிப்படையான விசாரணை குடும்பத்தை மட்டும் காப்பாற்றுவதில்லை. தப்பாகக் குற்றம் சாட்டப்படும் டீச்சரையும் வார்டனையும் கூடத்தான் காப்பாற்றும்.

மாஜிஸ்திரேட் வந்தால் என்ன மாறுகிறது

இதற்கு நம் ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2022 டிசம்பர் கடைசியில், தாம்பரம் கன்னடபாளையத்தைச் சேர்ந்த 17 வயதுப் பையனை ரயில்வே பேட்டரி திருடியதாக ரயில்வே பாதுகாப்புப் படை பிடித்தது. செங்கல்பட்டு அரசு சிறுவர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். டிசம்பர் 31 அன்று பையன் இறந்தான். அம்மாவுக்கு முதலில் சொல்லப்பட்டது உடம்பு சரியில்லை என்பதுதான். காவலில் நடந்த சாவு என்பதால் மாஜிஸ்திரேட் விசாரணை வந்தது. போஸ்ட்மார்ட்டம் அடித்த காயங்களைக் காட்டியது. கண்காணிப்பாளர் உட்பட 6 ஊழியர்கள் கைதானார்கள். அதன் தொடர்ச்சியாக, இப்படிப்பட்ட இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது.

இதே பையன் ஒரு தனியார் குடோனில் வேலை செய்யும் இடத்தில் இறந்திருந்தால்? மாஜிஸ்திரேட் வரமாட்டார். "உடல்நலக் குறைவு" என்ற முதல் பதிலே கடைசிப் பதிலாக ஆகியிருக்கலாம்.

கஸ்டடி சாவுகளில் உயர் நீதிமன்றம் இன்னும் கொஞ்சம் தூரம் போயிருக்கிறது. 2020 டிசம்பரில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், சந்தோஷ் என்பவர் தொடர்ந்த வழக்கில் சில கட்டளைகள் போட்டார். குடும்பம் உடலைப் பார்க்க அனுமதிக்க வேண்டும், போஸ்ட்மார்ட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும், அறிக்கையைத் தாமதமில்லாமல் கொடுக்க வேண்டும், கோர்ட்டுக்குப் போகிறோம் என்று குடும்பம் சொன்னால் 48 மணி நேரமாவது உடலைப் பாதுகாக்க வேண்டும். பிணவறை வாசலில் ஜனங்கள் செய்துவந்ததற்கு ஒரு நீதிபதி கொடுத்த அங்கீகாரமாகத்தான் இதைப் படிக்கிறேன். குறை என்னவென்றால், இது பிறந்தது காவல் சாவு வழக்குகளின் சூழலில். ஹாஸ்டல், கம்பெனி குவார்ட்டர்ஸ், கட்டிட வேலை இடம், மாமியார் வீடு ஆகிய இடங்களில் நடக்கும் சாவுக்கும் அந்த 48 மணி நேரத்தை நீட்டினால் என்ன கெட்டுப்போகும்?

மலேசியாவில் இருக்கும் ஒரு வரி

"நம்மிடம் கரோனர் இல்லை, அதனால் இப்படித்தான்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மலேசியாவின் நடைமுறைச் சட்டமும் நம்முடையது மாதிரியே பிரிட்டிஷ் காலத்து வார்ப்புதான். ஆனால் அவர்களுடைய 328-வது பிரிவில் "சாவின் காரணம்" என்றால் என்ன என்று விளக்கியிருக்கிறார்கள். உடலைப் பார்த்துத் தெரியும் வெளிப்படைக் காரணம் மட்டும் போதாது. அந்த நபர் எந்த முறையில் சாக நேர்ந்தது, யாருடைய சட்டவிரோதச் செயலோ செய்யாமல் விட்டதோ அதற்குக் காரணமா என்பதும் அதில் அடங்கும். "வெளிப்படையான காரணம்" என்பதோடு நம் சட்டம் நிற்கும் இடத்தைத் தாண்டி அவர்கள் சட்டம் போகிறது.

விளைவைப் பாருங்கள். 2009-ல் ஷா ஆலமில் ஊழல் தடுப்பு ஆணைய அலுவலகத்துக்கு விசாரணைக்குப் போன தியோ பெங் ஹோக் என்ற அரசியல் உதவியாளர் அந்தக் கட்டடத்தில் இறந்து கிடந்தார். 2011-ல் கரோனர் திறந்த தீர்ப்பு கொடுத்தார். குடும்பம் அப்பீல் போனது. 2014 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஆணைய அதிகாரிகள் உட்பட அடையாளம் தெரியாத நபர்களின் சட்டவிரோதச் செயலே சாவுக்குக் காரணம் அல்லது சாவை விரைவுபடுத்தியது என்றது. 2021-ல், காட்டில் காணாமல்போய் இறந்த நோரா குவாய்ரின் என்ற சிறுமியின் வழக்கில், "தானே வழி தவறிச் சென்று இறந்தாள்" என்கிற கரோனர் முடிவைச் சிரம்பான் உயர் நீதிமன்றம் திறந்த தீர்ப்பாக மாற்றியது. இதனால் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. ஆனால் கேட்க ஓர் இடம் இருந்தது, பதிலும் வந்தது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை

எல்லாச் சாவுக்கும் நீதிபதி விசாரணை என்றால் கோர்ட்டுகள் தாங்காது. அது நியாயமான ஆட்சேபம், ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்பது மூன்றுதான். ஒன்று, 174 ஃபைலை மூடுவதற்கு முன் குடும்பத்துக்கு எழுத்தில் காரணமும் நோட்டீசும். இரண்டு, குடும்பம் ஆட்சேபித்தால் அந்த ஃபைல் மட்டும் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். பகவந்த் சிங் தீர்ப்பின் பயனை இங்கேயும் கொண்டுவர வேண்டும். மூன்று, கோர்ட்டுக்குப் போக விரும்பும் எந்தக் குடும்பத்துக்கும் அந்த 48 மணி நேரம்.

அதுவரை, இதைப் படிப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. யாருக்கும் தேவைப்படக் கூடாது. தேவைப்பட்டால், எஃப்.ஐ.ஆர்., பிரேத விசாரணை அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, உள்ளுறுப்புப் பரிசோதனை அறிக்கை என நான்கையும் பெயர் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சந்தேகத்தை வாய்வார்த்தையாகச் சொல்லாமல் முதல் நாளே எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பின்னால் மாஜிஸ்திரேட்டிடம் போகும்போது, ஸ்டேஷனுக்கும் மேலதிகாரிக்கும் எழுதினீர்களா என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இன்னொன்று. பிரேத விசாரணை அறிக்கையில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் சொல்லும் இடத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். போலீஸ் அதிகாரியும், உடன் இருந்தவர்களில் அந்த முடிவோடு "ஒத்துப்போகிறவர்களும்." எல்லோரும் போட வேண்டும் என்று அங்கே இல்லை. ஒத்துப்போகாதவர் ஒருவர் இருக்கலாம் என்பது இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பஞ்சாயத்தார் வரிசையில் உட்கார்ந்து, எழுதியதைப் படித்துக்கூடப் பார்க்காமல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் நமக்குத்தான் அதை யாரும் சொல்வதில்லை.